மறுமுனையில் யார்?

மனச்சோர்வுக்கு ஆன்லைன் சிகிச்சை வேலை செய்யுமா? இந்தக் கேள்வியை நம் சூழலில் இரண்டு வகையானவர்கள் கேட்கிறார்கள். இரண்டு பேருமே பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

முதல் வகை, என்னோடு மென்பொருள் எழுதுகிறவர்கள். டாக்ஸி, சாப்பாடு, கடன் எல்லாம் ஆப்பில் வந்தாச்சு, சிகிச்சையும் வரட்டுமே. ஒருமுறை எழுதிவிட்டால் கோடிப் பேருக்குப் போகும் என்பது அவர்கள் வாதம். இரண்டாவது வகை, என்னோடு கதையும் கவிதையும் படிக்கிறவர்கள். துயரம் என்பது மனிதனின் அந்தரங்கம், திரைக்கு முன்னால் உட்கார்ந்து படிவம் நிரப்பியா அதைத் தீர்ப்பது, எதிரே ஒரு முகம் வேண்டாமா என்பது இவர்கள் வாதம்.

இரண்டு தரப்பும் திரையைப் பற்றியே பேசுகின்றன. திரை இதில் ஒரு பொருட்டே இல்லை என்பது என் கட்சி. திரைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதைத்தான் பார்க்கவேண்டும். ஆள் இருந்தால் வெறும் தட்டச்சு எழுத்துகூட மருந்தாக வேலை செய்கிறது. ஆளை எடுத்துவிட்டால், நோய் முற்றியவருக்கு அந்த ஆப் இரண்டு அத்தியாயத்தோடு மூடிவைத்த புத்தகம். ஆனால் இந்தத் தொழிலில் பணம் கொட்டப்படுவது பெரும்பாலும் அந்த ஆளை எடுப்பதற்காகத்தான். என் சண்டை அதோடுதான்.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

1

இங்கிலாந்தில் உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் போவது ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம். மனச்சோர்வும் அங்கேதான் முதலில் வந்து நிற்கிறது. ஜி.பி.யிடம் ஒரு நோயாளிக்கு இருப்பது சுமார் பத்து நிமிடம். மாத்திரை எழுதலாம். பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஆனால் அதற்கு வரிசை நீளம், மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

அந்த வரிசையைக் குறைக்கக் கணினி வந்தது. அரசு செலவில் எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் என்ற அமைப்பு, லேசான மற்றும் நடுத்தர மனச்சோர்வுக்கு ‘பீட்டிங் த ப்ளூஸ்’ என்ற கணினி நிரலை 2006இல் பரிந்துரைத்தது. இது சி.பி.டி. என்கிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை எட்டு அமர்வுகளில் தானே கற்றுத்தரும் நிரல். நினைப்பு, செயல், மனநிலை மூன்றும் ஒன்றையொன்று இழுப்பவை, முதல் இரண்டையும் பழக்கத்தால் மாற்றினால் மூன்றாவதும் நகரும் என்பதுதான் சி.பி.டி.யின் அடிப்படை. பாடத்திட்டம் போல அடுக்கிவைக்கக்கூடிய முறை. பொறியாளனுக்குப் பார்த்ததும் பிடித்துப்போகும் முறையும்கூட.

இப்போது இரண்டு ஆய்வுகளைப் பார்ப்போம்.

முதலாவது 2009இல் ‘லான்செட்’ இதழில் வந்தது, டேவிட் கெஸ்லர் குழுவினருடையது. ஜி.பி.க்களிடம் வந்த 297 மனச்சோர்வு நோயாளிகள். ஒரு பாதிக்கு வழக்கமான மருத்துவம், பேச்சுச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் ஓர் இடம். மறுபாதிக்கு அதே வழக்கமான மருத்துவத்தோடு இணையவழி சி.பி.டி. இதில் நோயாளி ஒரு கணினியில் தட்டச்சு செய்வார். இன்னொரு கணினியில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் உட்கார்ந்து அதே நேரத்தில் பதில் தட்டச்சு செய்வார். அதிகபட்சம் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் 55 நிமிடம். முகம் தெரியாது. குரல் கேட்காது. எழுத்து மட்டும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது காத்திருப்பவர்களில் 24 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். தட்டச்சில் பேசியவர்களில் 38 சதவீதம் பேர். எட்டாம் மாதத்தில் அது 26க்கு 42 என்று நின்றது.

இரண்டாவது ‘ரீயாக்ட்’ என்ற ஆய்வு, சைமன் கில்பாடி குழுவினருடையது, 2015இல் ‘பி.எம்.ஜே.’யில் வெளிவந்தது. இதுவும் ஜி.பி.க்களிடம் வந்த நோயாளிகள்தான், 691 பேர். வழக்கமான மருத்துவத்தோடு ஒரு குழுவுக்கு ‘பீட்டிங் த ப்ளூஸ்’. இன்னொரு குழுவுக்கு ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவான, காசில்லாமல் கிடைத்த ‘மூட்ஜிம்’. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். அதற்கு முன்பிருந்த ஆய்வுகள் பலவற்றில் மென்பொருளை உருவாக்கியவர்களே பங்கேற்றிருந்தார்கள். இது பொதுப்பணத்தில், வெளியாட்கள் நடத்தியது. முடிவு: நான்காம் மாதத்தில் இரண்டு நிரல்களாலும் கூடுதல் பலன் இல்லை. நிரலைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான்.

ஏன் என்பதற்கான விடை அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. ‘பீட்டிங் த ப்ளூ’ஸின் எட்டு அமர்வுகளில் பாதிப் பேர் இரண்டைத் தாண்டவில்லை. ‘மூட்ஜிம்’மின் ஆறில் பாதிப் பேர் ஒன்றைத் தாண்டவில்லை. மருந்து வேலை செய்யவில்லை என்பதைவிட, மருந்து வாய்க்குள்ளேயே போகவில்லை என்பதுதான் சரி.

சிகிச்சை முறை ஒன்று, நாடு ஒன்று, இரண்டுமே கணினி வழி. இரண்டு ஆய்வுகளின் நோயாளிகளும் அளவுகோல்களும் வேறுவேறு, சதவீதங்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் அதே குழு 2017இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு முக்கியம். அதில் எல்லோருக்கும் அதே ‘மூட்ஜிம்’தான். வேறுபாடு ஒன்றே ஒன்று: ஒரு பாதியினருக்குத் தொலைபேசியில் ஒருவர் துணை நின்றார். நான்காம் மாதத்தில் அந்தப் பாதியினரின் நிலை மேலாக இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, சிறியதுதான். ஆனால் நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல், ஓர் ஆளைச் சேர்த்ததால் வந்த வித்தியாசம்.

என் தரப்புக்கு இடைஞ்சலான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க நடந்த பல ஆய்வுகளில் பங்கேற்ற தனித்தனி நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி அலசிய ஒரு கட்டுரை 2021இல் ‘ஜாமா சைக்கியாட்ரி’யில் வந்தது. மனச்சோர்வு லேசாக இருப்பவர்களுக்கு ஆள் துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை என்கிறது அது. ஆக, லேசான நிலையில் ஒரு நல்ல புத்தகம் உதவுவது போல நிரலும் உதவும், அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் நோய் கனக்கக் கனக்க ஆள் துணையுள்ள சிகிச்சை முந்துகிறது என்பதையும் அதே கட்டுரைதான் சொல்கிறது. யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் தனி நிரல் குறைவாக உதவுகிறது.

2

இது ஏன் இப்படி என்பதை யோசிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம். மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்க ஆரம்ப மருத்துவத்தில் பயன்படும் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவத்தைப் பார்த்தால் போதும். முதல் கேள்வி, எதையும் செய்வதில் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் இருக்கிறதா. நான்காவது, சோர்வாக, தெம்பில்லாமல் இருக்கிறதா. ஏழாவது, எதிலும் கவனம் செலுத்த முடியாமல் இருக்கிறதா.

மூன்றுக்கும் ‘ஆமாம், கிட்டத்தட்ட தினமும்’ என்று குறித்த ஒருவரிடம் நாம் என்ன கொடுக்கிறோம்? ஆர்வத்தோடு உள்ளே நுழைந்து, தெம்போடு உட்கார்ந்து, கவனத்தோடு எட்டு வாரம் முடிக்கவேண்டிய ஒரு பாடத்திட்டத்தை. கால் முறிந்தவரிடம், எலும்பு மருத்துவர் மூன்றாவது மாடியில் இருக்கிறார், லிஃப்ட் கிடையாது, ஏறிப் போங்க என்பது போல. எது இல்லாமல் போய்விட்டது என்று வந்தாரோ, அதையே நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறோம்.

இரண்டாவது அமர்வோடு அவர் நின்றுவிட்டால் அதற்கு ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பெயர் இருக்கிறது: பின்பற்றல் குறைவு. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடாத நோயாளியைச் சொல்லும் அதே தொனி. ‘நான் உருப்பட மாட்டேன், எதையும் என்னால் முடிக்க முடியாது’ என்ற நினைப்போடு வந்தவருக்கு அந்த நினைப்பை மெய்ப்பிக்க ஒரு சாட்சியத்தையும் கையில் கொடுத்து அனுப்புகிறோம். ‘ஒண்ணும் இல்லாததற்கு இது மேல்தானே’ என்று சொல்பவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் எழுதுவதே இல்லை. முயன்று தோற்றவர், சிகிச்சை என்பதே தனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிட்டால், நாளை உண்மையான உதவி வாசலுக்கு வரும்போதும் அவர் கதவைத் திறக்கமாட்டார்.

ஆள் இருக்கும்போது என்ன மாறுகிறது? வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஒருவர் எனக்காகக் காத்திருப்பார். நான் போகாவிட்டால் அவருடைய ஒரு மணி நேரம் வீணாகும். எனக்காக எழுந்திருக்க என்னால் முடியவில்லை. ஆனால் இன்னொருவரைக் காக்கவைக்கக் கூச்சமாக இருக்கிறது, அந்தக் கூச்சத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். சிகிச்சையின் முதல் அடி பல நேரங்களில் இந்தச் சின்னக் கூச்சம்தான். ஆப்பின் நோட்டிஃபிகேஷனிடம் யாரும் கூச்சப்படுவதில்லை. ஒதுக்கித் தள்ளிவிடுகிறோம்.

இங்கே இலக்கிய நண்பர்களிடம் ஒரு வார்த்தை. முகம் பார்க்காமல் என்ன சிகிச்சை என்கிறீர்கள். கெஸ்லர் ஆய்வில் முகமும் இல்லை, குரலும் இல்லை. எழுத்துக்கு அந்த வலு உண்டு என்பதை வேறு யார் மறுத்தாலும் நாம் மறுக்கலாமா? புதுமைப்பித்தன் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாகவே இருக்கின்றன. தூரத்தில் இருந்த ஓர் ஆள் காகிதத்தில் வந்து சேர்ந்த காலம் ஒன்று இருந்தது. வந்தது காகிதமாக இருந்தாலும் அனுப்பியது ஆள். பதில் எழுதாவிட்டால் கவலைப்படும் ஆள். தட்டச்சுச் சிகிச்சையில் வேலை செய்வதும் அதுதான். எழுத்தை நம்பி வாழ்கிறவர்கள் திரையைப் பார்த்துப் பதறுவதில் பொருளில்லை.

3

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் ‘எலைசா’ என்ற நிரலைப் பற்றி 1966இல் எழுதினார். உளவியல் சிகிச்சையாளர் போல, நீங்கள் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் நிரல். அது எதையும் புரிந்துகொள்ளாது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் எழுதியவரே அவர்தான். ஆனால் அது உருவாவதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளர், கொஞ்ச நேரம் அதோடு தட்டச்சு செய்துவிட்டு, நீங்கள் வெளியே போகிறீர்களா என்று அவரிடம் கேட்டார். வைசன்பாம் அதிர்ந்துபோனார், அந்த அதிர்ச்சி பத்தாண்டு கழித்து ஒரு புத்தகமாக ஆனது. அதே 1966இல் கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் இப்படிப்பட்ட நிரல் ஒன்றை முன்வைத்து, கணினி அமைப்பால் மணிக்குப் பல நூறு நோயாளிகளைக் கவனிக்க முடியும் என்று எழுதினார்கள்.

மணிக்குப் பல நூறு பேர்! அறுபது ஆண்டாக இந்தத் துறையின் கனவு இந்த ஒரு வரியைத் தாண்டி நகரவில்லை. முதலீட்டாளர் கூட்டத்தில் இன்று காட்டப்படும் ஸ்லைடும் இதைத்தான் சொல்கிறது. எங்கள் மொழியில் இதற்குப் பெயர் ஸ்கேல். ஒரு சிகிச்சையாளர் வாரத்துக்கு இருபத்தைந்து பேரைப் பார்க்கலாம், அதற்கு மேல் முடியாது; எனவே அவர்தான் தடை; தடையை எடு. தர்க்கம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் தடை என்று எடுத்துப்போட்டது எதுவோ அதுதான் மருந்து.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். இன்ஸ்டால் செய்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதைத்தான் தினமும் காலையில் முதலில் பார்க்கிறோம். மனநல ஆப்களின் உண்மையான பயன்பாட்டை அலசிய ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. முப்பதாவது நாளில் ஆப்பைத் திறப்பவர்கள், இடைநிலையாகப் பார்த்தால், 3.3 சதவீதம். சாப்பாடு விற்கும் ஆப்பில் இந்த எண் வந்தால் மறுநாளே அவசரக் கூட்டம் போடுவோம். நோயாளிகளுக்கான ஆப்பில் வந்தால் ‘பயனர்களிடம் ஊக்கம் போதவில்லை’ என்று எழுதிவிட்டு, தொடர்ச்சியாக ஏழு நாள் வந்தால் ஒரு பதக்கம் என்று சேர்க்கிறோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், ஆட்குறைப்பு நடந்த காலாண்டில் எல்லோருக்கும் ஒரு மனநல ஆப் இலவசமாகக் கொடுத்தார்கள். திறந்ததும் ஐந்து பொம்மை முகங்கள். அழுகிற முகத்தைத் தொட்டால் மூச்சுப் பயிற்சி வீடியோ ஓடும். மூன்றாவது வாரம் எங்கள் டீமில் அதைத் திறக்க ஆளில்லை. ஆண்டு இறுதிக் கூட்டத்தில் எத்தனை பேர் இன்ஸ்டால் செய்தார்கள் என்ற எண் ஸ்லைடில் பெரிதாக வந்தது, கைதட்டினார்கள். எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஆப் யாருடைய மனநலத்துக்காக வாங்கப்பட்டது என்று எனக்கு அன்றைக்குச் சந்தேகம் வந்தது. கொடுத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

‘அதெல்லாம் பழைய கதை, அப்போது இருந்தது பாடத்திட்டம், இப்போது ஏ.ஐ. சாட்பாட் உங்களோடு பேசுகிறது, ராத்திரி இரண்டு மணிக்கும் பேசுகிறது’ என்பார்கள். பேசுகிறது, உண்மைதான். எலைசாவைவிட ஆயிரம் மடங்கு நன்றாகப் பேசுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பவருக்கு அது ஒரு துணையாக இருப்பதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் வியாழக்கிழமை நான்கு மணிக்கு அது எனக்காகக் காத்திருப்பதில்லை. நான் வராமல் போனால் அதற்கு எதுவும் வீணாவதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. பி.எச்.க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றுகிறதா என்று கேட்கிறது. அதற்கு ஒருவர் ‘ஆமாம்’ என்று குறிக்கும் நொடியில், அந்த ‘ஆமா’மை வாங்கிக்கொள்பவர் யார்? இரண்டு பக்க விதிமுறைகளின் அடியில், இது மருத்துவ ஆலோசனைக்கு மாற்று அல்ல என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். விற்கும்போது சிகிச்சை, வழக்கு வந்தால் வெறும் தகவல்.

4

‘சரிப்பா, ஆளுக்கு எங்கே போவது?’ என்பதுதான் கடைசிக் கேள்வி, நேர்மையான கேள்வியும்கூட. 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இங்கிலாந்துக்காரன் வரிசையில் நிற்கிறான், நமக்கு வரிசையே இல்லையே என்று கேட்கலாம்.

பதில் கோவாவில் இருக்கிறது. அங்கே பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வு 2017இல் லான்செட்டில் வந்தது. விக்ரம் படேல் குழுவினருடையது. 495 நோயாளிகள், லேசான நிலையில் இருந்தவர்கள் இல்லை, நோய் கடுமையாக இருந்தவர்கள். பேசியது மனநல மருத்துவர்கள் இல்லை, உளவியல் பட்டதாரிகளும் இல்லை. மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர்க்காரர்கள், பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் பெற்றவர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள், சுகாதார நிலையத்திலோ நோயாளியின் வீட்டிலோ. செய்தது ரொம்ப எளிய வேலை: முடங்கிக் கிடப்பவரைச் சின்னச் சின்னச் செயல்களுக்குத் திரும்பக் கொண்டுவருவது. மூன்று மாதத்தில் வழக்கமான மருத்துவம் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் மீண்டார்கள்; இவர்களோடு பேசியவர்களில் 64 சதவீதம் பேர். பெரும்பாலோர் சிகிச்சையை நடுவில் விடாமல் திட்டமிட்டபடி முடித்தார்கள்.

இங்கிலாந்தில் முகத்தை எடுத்துப் பார்த்தார்கள், வேலை செய்தது. கோவாவில் பட்டத்தை எடுத்துப் பார்த்தார்கள், வேலை செய்தது. ஆளை எடுத்தபோதுதான் படுத்தது. அந்த ஆள் மருத்துவராக இருக்கவேண்டியதில்லை என்றால், ‘நம்மிடம் ஆள் இல்லை’ என்ற பேச்சுக்கு என்ன பொருள்? நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கும் நாட்டில் ஆள் இல்லையாம். ஆள் இருக்கிறது, சம்பளம் கொடுக்க மனசு இல்லை.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. கொண்டுபோகிறவர் பெரும்பாலும் அந்த வட்டாரத்துப் பெண். எந்த வீட்டில் யார் படுத்துக் கிடக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். ‘ஏன்க்கா, ராத்திரி தூக்கம் வருதா? சாப்பாடு இறங்குதா?’ என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்க அவரால் முடியும். கோவாவில் கொடுத்த மாதிரி பயிற்சியும் மேற்பார்வையும் இவர்களுக்குக் கொடுத்தால், உலகத்தில் எந்த ஆப்புக்கும் இல்லாத வலைப்பின்னல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. ஆனால் இருக்கிற வேலையோடு இதையும் சும்மா தலையில் ஏற்றிவைக்கக்கூடாது. கூடுதல் ஆட்களும் கூடுதல் சம்பளமும் வேண்டும். செலவு ஆகும். ஆகட்டும்.

மென்பொருளுக்கு இதில் வேலை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. யார் இந்த வாரம் வரவில்லை என்று அந்தப் பெண்ணின் போனில் காட்டலாம். ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆமாம்’ சொன்னவரின் பெயரை உடனே மருத்துவர் கண்ணில் படும்படி வைக்கலாம். வீட்டில் வாய்விட்டுப் பேச முடியாத பெண்ணுக்கும், கிளினிக் வாசலில் சொந்தக்காரர் பார்த்துவிடுவாரோ என்று அஞ்சும் இளைஞனுக்கும் தட்டச்சில் ஓர் ஆளோடு பேச வழி செய்துகொடுக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்தால் தமிழிலும் பேசலாம். எடுத்துப் பேசுவது மனிதர். தொழில்நுட்பம் ஆளை நோயாளியிடம் கொண்டுவந்து சேர்க்கிற வேலையைச் செய்யட்டும். நானே எழுதித் தருகிறேன்.

அதனால் இனி யாராவது, அது அரசாங்கமோ உங்கள் அலுவலகத்து மனிதவளத் துறையோ, மனச்சோர்வுக்கு ஓர் ஆப் கொண்டுவந்து நீட்டினால், ஏ.ஐ. உண்டா, எத்தனை மொழி, எத்தனை நட்சத்திரம் என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம். மூன்று கேள்வி போதும். மறுமுனையில் யார் இருக்கிறார்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறார்? நான் இரண்டு வாரம் வரவில்லை என்றால் எனக்கு யார் போன் செய்வார்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் அதை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு ஓர் ஆளை வேலைக்கு எடுக்கச் சொல்லுங்கள்.